குரலை அழித்த மெக்கானிக்

‘டப்பிங்’ என்றால் என்ன என்று கேட்டால் உங்கள் வீட்டுப் பத்து வயசுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். வாயசைப்பு ஒருவர், குரல் வேறொருவர். கோடம்பாக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் பூமியின் அந்தப் பக்கம், ஜமைக்கா என்கிற குட்டித் தீவில், இதே வார்த்தையில் பாதியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு நேர் எதிரான ஒரு காரியம் செய்தார்கள். அங்கே ‘டப்’ என்றால், பாட்டில் இருக்கிற குரலைத் தூக்கி வெளியே போடுவது!

குரல் இல்லாத பாட்டு யாருக்கு வேண்டும் என்கிறீர்களா? உலகத்துக்கே வேண்டியிருந்தது. இன்று உங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் ஒரு டி.ஜே. பழைய பாட்டைத் துண்டு போட்டு ரீமிக்ஸ் செய்கிறாரே, அவருக்குக் கொள்ளுத்தாத்தா அந்த டப்தான். இன்னொரு பழக்கமும் அந்த வம்சத்தில் செழித்து வளர்ந்தது. காசு கொடுக்காமல் பாட்டு கைமாறுவது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும. ஜன்னலோரங்களில் தூங்கி வழியும் இளம் முகங்கள். கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன். உள்ளே ஓடுவது இளையராஜாவா, அனிருத்தா, ஒடியா பாட்டா... நமக்குத் தெரியாது. ஆனால் கேஸட் கடைக்குப் போய்க் காசை எண்ணிக் கொடுத்து வாங்கிய பாட்டு அல்ல என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். இதற்கு நம்மிடம் அழகான ஒரு வார்த்தை இருக்கிறது: ‘ஓசி’! கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கட்டணம் இல்லாமல் போகும் தபால்களில் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று போடுவார்களாம், அதன் சுருக்கம்தான் ஓசி என்பார்கள். கம்பெனி பஸ்ஸில் ஓசிப் பாட்டு, பொருத்தம்தான்! அந்த பஸ்ஸையும் அந்தப் பையன் கையில் இருக்கும் போனையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அங்கே வரவேண்டியிருக்கும்.

இப்போது ஜமைக்கா.

கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கிய பிரிட்டிஷ் தீவு அது. அடிமை முறையை ஒழித்த பிறகு தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1845 மே மாதம் முதல் இந்தியக் கூலிக் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த எழுபது வருடங்களில் சுமார் 36,000 இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களும் உண்டு. ரெகே பாடல்களில் விழுந்து விழுந்து புகழப்படுகிற ‘கஞ்சா’ என்ற சொல் அந்தக் கப்பல்களில் போன சரக்குதான்!

1950-களின் கிங்ஸ்டன் நகரம். ஏழைகளுக்கு ரேடியோவே ஆடம்பரம். வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் கிளப்புகளில் வாசலைத் தாண்ட முடியாது. அப்போது முளைத்ததுதான் ‘சவுண்ட் சிஸ்டம்’. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், நம்மூர் மைக் செட்! மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வண்டியில் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கருமாக வந்து இறங்குவாரே சவுண்ட் சர்வீஸ்காரர், அதேதான். அங்கே அம்மன் கிடையாது, அவ்வளவுதான். லாரியில் பீரோ பீரோவாக ஸ்பீக்கர் வரும். தெருமுனையில் அடுக்குவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டு சுழலும். விடிய விடிய ஆட்டம்.

இந்த மைக் செட் உலகத்துக்கு இரண்டு ராஜாக்கள். ஒருவர் ட்யூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர், இடுப்பில் துப்பாக்கியோடுதான் வருவார். இன்னொருவர் க்ளெமென்ட் டாட். இவருக்குப் பட்டப்பெயர் ‘காக்ஸன்’. கிரிக்கெட் நன்றாக ஆடுவார் என்பதால், இங்கிலாந்தின் யார்க்‌ஷைர் அணிக்கு ஆடிய அலெக் காக்ஸன் பெயரை நண்பர்கள் சூட்டிவிட்டார்கள். இருவருக்கும் அப்படி ஒரு போட்டி! நல்ல இசைத்தட்டு ஒன்று கிடைத்தால், எதிராளி உளவாளியை அனுப்பிப் பெயரைத் தெரிந்துகொண்டுவிடுவான் என்று, தட்டின் நடுவில் இருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். யார் பாடியது, யார் வாசித்தது, ஒன்றும் தெரியாது. பெயரை அழிக்கிற வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது, கவனியுங்கள்.

1968 வாக்கில் ஒரு மறதி நடந்தது. ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் ரட்டி ரெட்வுட் என்று ஒரு மைக் செட் முதலாளி. ட்யூக் ரீடின் ‘ட்ரெஷர் ஐல்’ ஸ்டூடியோவுக்குப் போய், ‘பாரகன்ஸ்’ குழுவின் ஒரு ஹிட் பாட்டுக்குப் பிரதி கேட்டார். அங்கே இருந்த எஞ்சினியர் பைரன் ஸ்மித், தட்டு வெட்டும்போது குரல் ட்ராக்கைச் சேர்க்க மறந்துவிட்டார். அன்றிரவு ரெட்வுட் முதலில் முழுப் பாட்டைப் போட்டார். அடுத்து, குரல் இல்லாத தட்டு. என்ன ஆகியிருக்கும்? ‘பாட்டைப் போடுய்யா!’ என்று கல் விழுந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. கூட்டம் மொத்தமும் பாட ஆரம்பித்துவிட்டது! மேடையில் காலியாக இருந்த இடத்தில் ஜனங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அதன் பிறகு ஜமைக்காவில் வந்த இசைத்தட்டுகளில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ என்பது வழக்கமாகிவிட்டது. செலவும் மிச்சம் பாருங்கள். மறுபக்கத்துக்குத் தனியாக ஒரு பாட்டு பதிவு செய்யவேண்டியதில்லையே!

இந்தக் கஞ்சத்தனத்தைக் கலையாக மாற்றியவர்தான் நம் கதாநாயகர். ஆஸ்பர்ன் ரட்டக், 1941-ல் பிறந்தவர். உலகம் அவரை ‘கிங் டபி’ என்று அழைக்கிறது. ராஜா பட்டம் பெரிசு. தொழில் என்னவோ ரேடியோ ரிப்பேர். பழுதான ஆம்ப்ளிஃபயர், புகைந்துபோன ட்ரான்ஸ்ஃபார்மர்... இவர் கை பட்டால் பேசும். ட்யூக் ரீடிடம் தட்டு வெட்டும் வேலையும் பார்த்தார். 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஸ்டூடியோ கழித்துக்கட்டிய நாலு ட்ராக் மிக்ஸிங் மேஜை ஒன்றை வாங்கி, வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைப் பேட்டையில் தன் வீட்டு அறையில் வைத்தார். குரல் பதிவுக்குத் தனி அறை வேண்டுமே? இருக்கவே இருக்கிறது பாத்ரூம்!

அந்த மேஜையை வைத்துக்கொண்டு அவர் செய்தது இதுதான். முன்பே பதிவான பாட்டு நாலு தடங்களில் தனித்தனியாக ஓடும். ஒரு தடத்தில் டிரம்ஸ், ஒன்றில் பேஸ், ஒன்றில் கிடார் முதலானவை, ஒன்றில் குரல். டபி ஒவ்வொன்றின் கதவையும் திறந்து மூடுவார். குரல் ஒரு வார்த்தை எட்டிப் பார்க்கும். டப்பென்று கதவு சாத்தப்படும். அந்தக் கடைசி எழுத்து மட்டும் கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி எதிரொலித்து எதிரொலித்துத் தேயும். திடீரென்று எல்லாமே நின்று, வெறும் பேஸ் உங்கள் அடிவயிற்றைத் தட்டும். எதிரொலிப் பெட்டிக்குள் ஸ்பிரிங் இருக்கும். அந்தப் பெட்டியை ஓர் அடி அடித்தால் இடி விழுந்த சத்தம். அதையும் பாட்டில் சேர்த்தார்! மிக்ஸிங் மேஜை என்பது அதுவரை கணக்கப்பிள்ளை மேஜை மாதிரி. டபி அதை வீணையாக்கினார். பாப் மார்லியின் படத்தை நம்மூர் ஆட்டோவின் பின்கண்ணாடியில்கூடப் பார்க்கலாம். டபியின் படம் எங்கும் கிடையாது. என்னைக் கேட்டால், இன்றைய ஒலிப்பதிவு முறைகளில் மார்லியின் கைரேகையைவிட இந்த மெக்கானிக்கின் கைரேகைதான் அதிகம். 1989 பிப்ரவரியில் ஓர் அதிகாலை, வேலை முடிந்து வந்தவரை வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். கொலையாளி அகப்படவே இல்லை.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர்? அவருக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி, வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் வாசித்த அதே தாளத்தை - ஜமைக்காவில் ‘ரிடிம்’ என்பார்கள் - தயாரிப்பாளர் பத்துப் பாடகர்களுக்குக் கொடுத்துப் பத்துத் தட்டுப் போடுவார். டபி அதைப் பிய்த்துப் பதினோராவது செய்வார். டிரம்மருக்கு மறுபடி காசு வராது. ஜமைக்காவுக்கென்று நவீனக் காப்புரிமைச் சட்டம் 1993-ல்தான் வந்தது. டப் அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு இதுவும் காரணம். அதை வாசித்தவர்களில் பலர் ஏழையாகவே இருந்ததற்கும் இதுவே காரணம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். ‘ஓசிப் பண்பாடு’ என்று சிலாகிப்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு ஜப்பானியப் பெண் வருகிறார். பெயர் ஓகுடா ஹிரோகோ. இசைக் கல்லூரியில் ரெகேவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு, 1980-ல் கால்குலேட்டருக்குப் பேர்போன காசியோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு மலிவு விலைக் கீபோர்டுக்குள் பட்டனைத் தட்டினால் தானாக ஓடும் தாளங்கள் சில வேண்டும் என்றார்கள். செய்து கொடுத்தார். 1981-ல் எம்டி-40 என்ற பெயரில் அது வந்தது. நாலு வருஷம் கழித்து, கிங்ஸ்டனில் வேய்ன் ஸ்மித் என்ற பாடகர் அதில் ஒரு பட்டனைத் தட்ட, டபியின் சிஷ்யர் ஜாமி அதைப் பாட்டாக்க... ‘ஸ்லெங் டெங்’ பிறந்தது. வாத்தியக்காரர்களே இல்லாத ரெகே! அந்த ஒரு தாளத்தின் மேல் இதுவரை நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்துவிட்டன. காசியோ காப்புரிமைப் பணம் கேட்டு வழக்குப் போடவில்லை. ஓகுடாவின் பெயர்? இசைத்தட்டு எதிலும் இல்லை. அவர் மாதச் சம்பளக்காரர். பல வருடங்கள் கழித்துத்தான் பத்திரிகைகள் அவரைத் தேடிப் போயின.

ஜமைக்கர்கள் பிழைப்புத் தேடி லண்டன் போனபோது ஸ்பீக்கர்களும் கூடவே போயின. லண்டனில் அவர்கள் குடியேறிய பேட்டைகளின் பக்கத்துத் தெருக்களில் நம்மவர்கள். 1993-ல், இளைஞர்களுக்கு இசைக் கருவிகள் சொல்லித் தரும் ஒரு பட்டறையிலிருந்து ‘ஏஷியன் டப் ஃபவுண்டேஷன்’ என்ற குழு புறப்பட்டது. அனிருத்த தாஸ் சொல்லிக் கொடுத்தவர். தீதர் ஜமான் கற்றுக்கொள்ள வந்த பையன். டப் என்பது ஸ்டூடியோவில் நடக்கிற வேலையாயிற்றே, மேடையில் எப்படி? பேஸ் கிடாரும் வேறு வாத்தியங்களும் மேடையிலேயே முழங்கும். கூடவே ஒருவர் மிக்ஸிங் மேஜையில், டபி செய்ததைக் கூட்டத்தின் கண்முன்னே செய்வார். அழிப்பதும் எதிரொலிப்பதும் நேரடி நிகழ்ச்சியாகிவிட்டது!

இந்தக் குழு 1998-ல் ‘ஃப்ரீ சத்பால் ராம்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டது. 1986-ல் பர்மிங்காம் ஓட்டல் ஒன்றில் இனவெறிக் கும்பல் தாக்கியபோது, தற்காப்புக்காகத் திருப்பித் தாக்கியதாகச் சொன்ன இந்திய வம்சாவளி இளைஞர் சத்பால் ராம். தாக்கியவர்களில் ஒருவர் இறந்துபோக, இவருக்கு ஆயுள் தண்டனை. வெளியே வர 2002 ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விடுதலைக்கும் இலவசத்துக்கும் நிற்கும். தமிழ் உஷார். இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறது.

இதற்கிடையில் இன்டர்நெட் வந்துவிட்டது. 2002 டிசம்பரில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற உரிமம் அறிமுகமானது. ‘இந்தப் படைப்பை நகலெடுங்கள், கொடுங்கள், என் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்’ என்று படைத்தவரே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு. லேபிளைச் சுரண்டிய ட்யூக் ரீடுக்கு நேர் எதிர்! ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் 2004-ல் ‘யாதாரி’ என்ற சின்ன வெளியீட்டகம், பழைய வீடியோ கேம் சத்தத்தில் செய்த டப் ரெகேயை இலவச டவுன்லோடாக விட ஆரம்பித்தது. மேடைக்கு மேடை போகும் குழுக்கள் பல இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. ஆல்பம் ஓசி, கச்சேரிக்கு டிக்கெட். திருவிழாவில் முதல் உருண்டை பஞ்சுமிட்டாயைச் சும்மா கொடுக்கிற வியாபார தந்திரம்தான்.

நம் தமிழ்ப்பெண் ஒருவர் இதே ஆட்டத்தை ஆடினார். மாதங்கி அருள்பிரகாசம். ‘எம்.ஐ.ஏ.’ என்றால் உலகத்துக்குத் தெரியும். 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த, 1986-ல் மறுபடி லண்டனுக்கே வந்தவர். அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகள் வளர்ந்ததோ தெற்கு லண்டனின் அரசாங்கக் குடியிருப்பில், ஜமைக்கா பேஸ் சத்தம் சுவரைத் துளைத்து வரும் ஊரில். 2003-ல் அவருடைய முதல் பாட்டு வெறும் 500 தட்டுகள்தான் போடப்பட்டது. பாட்டின் தலைப்பே ஜமைக்காக் கொச்சை. பிறகு அது இன்டர்நெட்டில் கைமாறிக் கைமாறி, பெரிய கம்பெனி தேடி வந்தது. முதல் ஆல்பம் வருவதற்குள், அடுத்தவர் பாட்டுகளின் துண்டுகளை அனுமதி வாங்காமல் ஒட்டி 2004-ல் ஒரு தொகுப்பை உலவவிட்டார். அதன் தலைப்பின் பொருள், ‘திருட்டுப் பிரதி பயங்கரவாதத்துக்குப் பணம் தருகிறது’! இசைக் கம்பெனிகளின் எச்சரிக்கையையே கிண்டலாக எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்.

2006-ல் அமெரிக்கா விசா தர இழுத்தடித்தது. அம்மணி உலகம் சுற்றப் புறப்பட்டார். சென்னைக்கும் வந்தார். ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஸ்டூடியோவைத் திறந்துவிட, நம்மூர் உறுமி மேளக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். 2007-ல் வந்த ‘கலா’ ஆல்பத்தில் அந்த உறுமி, லண்டன் இரவு விடுதிகளை அதிர வைத்தது. அம்மா பெயர்தான் ஆல்பத்துக்கு. அதே ஆல்பத்தின் பெரிய ஹிட்டில் ‘தி க்ளாஷ்’ என்ற ஆங்கிலேயக் குழுவின் பழைய பாட்டுத் துண்டு இருக்கிறது. அதனால் க்ளாஷ்காரர்கள் அந்தப் பாட்டை எழுதியவர்களாகச் சட்டப்படி பெயர் பெற்றிருக்கிறார்கள். கிங்ஸ்டனில் கூலி வாங்கிக்கொண்டு போன டிரம்மர்களுக்கு இப்படி ஒரு சட்டம் அன்றைக்குக் கிடைத்திருந்தால்?

2010 டிசம்பர் 31. எம்.ஐ.ஏ. ஒரு முழுத் தொகுப்பையே இலவச டவுன்லோடாக விட்டார். சுமார் 36 நிமிடம், வெட்டாமல் ஒரே கோப்பு. பெயர் ‘விக்கி லீக்ஸ்’. ரகசியங்களைக் கசியவிட்டுக்கொண்டிருந்த அசாஞ்சின் இணையதளத்தை வைத்து ஒரு சிலேடை. சுத்தபத்தமான டப் ரெகே அது இல்லை. பாட்டை வெட்டுவது, எதிரொலிக்க விடுவது, பாதியில் அழிப்பது என்று பரம்பரை மட்டும் வாட்டர்ஹவுஸ் பாத்ரூமிலிருந்து வந்ததுதான். புத்தாண்டுக்கு ஓசியாக வந்த அந்தத் தொகுப்பில் சின்னத் துண்டாக இருந்த ‘பேட் கேர்ள்ஸ்’, 2012-ல் முழுப் பாட்டாக, காசுக்கு, உலக ஹிட்டானது.

இலவசக் கோப்பை இறக்கினால் போதுமா? எதில் கேட்பது? இப்போது அந்தக் கம்பெனி பஸ்ஸுக்கு வாருங்கள்.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓட ஆரம்பித்தது. உச்சத்தில் அந்தக் கம்பெனியின் மிகப் பெரிய ஆலைகளில் அது ஒன்று. கோடிக்கணக்கான போன்கள், உள்நாட்டுக்கு மட்டுமல்ல, பல வெளிநாடுகளுக்கும் போயின. செய்தவர்களில் பெரும்பகுதி, ப்ளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு வந்த, இருபதுகளில் இருந்த பெண்கள். கடைசி வருடங்களில் ஆஷா வரிசை போன்கள். மெமரி கார்டு போடலாம், பாட்டு கேட்கலாம். அந்தக் காலத்தில் சுங்குவார்சத்திரமோ மன்னார்குடியோ, எந்த ஊர் ரீசார்ஜ் கடையிலும் ஓர் அட்டை தொங்கும்: ‘பாடல்கள் ஏற்றித் தரப்படும்’. பத்தோ இருபதோ கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு. நீங்களும் ஏற்றியிருப்பீர்கள், மறைக்காதீர்கள்! அந்தக் காசு பாட்டுக்கு அல்ல, ஏற்றிக் கொடுத்ததற்கு. ஜமைக்காவில் லாரி லாரியாகப் போன மைக் செட், சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. அதை ஒட்டவைத்துப் பரிசோதித்துப் பெட்டியில் போட்டவர் பெயர் எந்த போனின் முதுகிலும் கிடையாது. ஆலை இருக்கும் நாட்டின் பெயர் மட்டும்தான்.

2013-ல் வருமானவரி வழக்கில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, சிக்கலில் இருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆர்டர் நின்றது. பல ஆயிரம் பேர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசில் ‘ஓய்வு’! நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றே போனது. அந்த டிசம்பரில், நோக்கியாவை நம்பியிருந்த பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

ஃபாக்ஸ்கான் பிறகு திரும்பி வந்தது. இப்போது சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஐபோன் செய்கிறார்கள். அதில் மெமரி கார்டு போட இடமே கிடையாது. பாட்டு இறங்குவதில்லை, ஓடுகிறது. மாதாமாதம் கட்டணம், இல்லாவிட்டால் நடுவில் விளம்பரம். டபியின் மிக்ஸிங் மேஜை அமெரிக்காவில் சியாட்டில் நகர மியூசியத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை சால்காம்ப் என்ற கம்பெனி எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. அதுவும் ஃபின்லாந்தில் பிறந்த கம்பெனிதான். போன் செய்வதில்லை, போனுக்குச் சார்ஜர் செய்கிறது.